ஆட்சேபணை மாஸ்டர்

அந்த மனிதரின் வலது கையைப் பிடித்துக் கட்டிப்போட வேண்டும் என்று நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். ஒரு கூட்டத்தில் யாராவது “அப்ப, ஒருத்தருக்கும் மறுப்பு இல்லைத்தானே” என்று கேட்டு வாயை மூடுவதற்குள் அந்தக் கை மேலே போய்விடும். ஐந்து விரலும் அல்ல, சுட்டுவிரல் மட்டும். பிறகு நாற்காலி கிறீச்சிடும், ஆள் எழும்புவார், அந்தச் சொல் வரும்.

“ஆட்சேபணை!”

அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் உருப்பட்ட மாதிரித்தான்.

பெங்களூர்த் தமிழர். அங்கே ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் படிப்பித்துவிட்டு வந்து, மகனோடு இங்கே ஆக்லாந்தில், நியூ லின்னில் இருந்தார். யாழ்ப்பாணத்து ஆட்களான எங்களுக்குப் படிப்பிக்கிறவர் எல்லோரும் மாஸ்டர்தான். ஆகவே மாஸ்டர் என்றோம். ஆறு மாதத்தில் அது ஆட்சேபணை மாஸ்டர் ஆகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் சொல்வது அவருக்கும் தெரியும். அதற்கு மட்டும் அவர் ஆட்சேபணை சொல்லவில்லை.

மெலிந்த ஆள். கோடையோ மாரியோ அதே மண்ணிற ஸ்வெட்டர். உள்ளே சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள் இருக்கும். ஒன்று சாதாரண நீலப் பேனா. மற்றது சின்னப் பிள்ளைகள் படத்துக்கு வர்ணம் அடிக்கிற ஊதா நிற ஸ்கெட்ச் பேனா. ஒருநாள் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் எழுத அதைக் கேட்டுக் கை நீட்டினேன். அதைத் தொடவிடாமல் நீலப் பேனாவை எடுத்துத் தந்தார்.

“அது வேற வேலைக்கும்மா.”

ஸ்கெட்ச் பேனாவுக்கு அப்படி என்ன பெரிய வேலை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் பெயரை எழுதினேன்.

கோயிலில் அவர் செய்த கூத்துகள் கொஞ்சமல்ல. ஒரு அன்னதானத்தன்று, காலையிலிருந்து வேலை செய்த தொண்டர்கள் முதலில் சாப்பிடட்டும் என்று நிர்வாகத்தினர் அறிவித்தார்கள். நானும் தொண்டர். விடிந்ததிலிருந்து வெங்காயம் உரித்து, கண் எரிந்து, பசியில் காது அடைத்துப்போய் நின்றேன். கை மேலே போனது. வரிசையில் நீரிழிவுக்காரர்கள் நிற்கிறார்கள், கைக்குழந்தைக்காரிகள் நிற்கிறார்கள், அவர்களுக்குப் பிறகுதான் மற்றவர்கள் என்று நின்றார். கால் மணி நேரம் வாக்குவாதம். சோறு ஆறிப்போனது. கடைசியில் அவர் சொன்னபடிதான் நடந்தது. நான் கரண்டியும் கையுமாக நின்று அவரை மனதுக்குள் அறுத்துக் கிழித்தேன்.

நான் நியூ லின் மாலில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். அங்கேயும் வந்து என் மானத்தை வாங்கினார். அன்றைக்கு ஒரு சமோவா அம்மா, ஊன்றுகோலோடு, மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டருக்கு ஓரமாக நின்றார். பின்னால் வந்த கோட்டுப் போட்ட ஒருவர் அவரைத் தாண்டி வந்து தன் சீட்டை நீட்டினார். நான் பார்த்தேன். பார்த்தும் வாங்கினேன். அந்த ஆள் அவசரக்காரர், சத்தம் போடுகிற ரகம், எனக்கு எதற்கு வீண் வம்பு?

பின்னாலிருந்து ஆங்கிலத்தில் வந்தது. “அப்ஜெக்‌ஷன்!”

முழுக் கடையும் திரும்பியது. மானேஜர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். சமோவா அம்மாவுக்கு முதலில் மருந்து கொடுக்க வைத்துவிட்டுத்தான் மாஸ்டர் கையை இறக்கினார். பிறகு என்னிடம் மெதுவாக, “நீங்க பாத்தீங்கம்மா. பாக்காத மாதிரி இருந்தீங்க” என்றார்.

அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

ஆனால் எனக்கு அவரைக் கண்ணில் காட்டக் கூடாது என்று ஆனது எங்கள் சங்கத் தேர்தலோடுதான். ஆக்லாந்துத் தமிழர் சங்கங்களில் எங்களுடையது சின்னது. யாழ்ப்பாணத்தார், தமிழ்நாட்டார், மலேசியாக்காரர் எல்லோரும் கலந்து சான்ட்ரிங்ஹாமில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தோம். தலைவர் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் என் அக்காவின் புருஷன், என் அத்தான். மற்றவர் சனிக்கிழமைகளில் அந்த மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுத்த மலேசியா அக்கா. அத்தானுக்குச் சனிக்கிழமை மண்டபம் கலைவிழா ஒத்திகைக்கு வேண்டும். தான் வந்தால் வகுப்பை நிறுத்துவேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். மலேசியா அக்கா அதைத் தடுக்கத்தான் போட்டியிட்டார். ஆகவே அந்தத் தேர்தல் உண்மையில் ஒரு வகுப்புக்கான தேர்தல்.

நான் சங்கச் செயலாளர். ஓட்டு எண்ணும் அதிகாரியும் நானே.

ஓட்டுச் சீட்டில் “சரி அடையாளம் இடவும்” என்று அச்சடித்திருந்தோம். இங்கே நியூசிலாந்தில் தேர்தலுக்குத் தேர்தல் எல்லோரும் போடுவது அதுதான். ஆனால் பேரப்பிள்ளைகளை வகுப்புக்குக் கூட்டிவருகிற எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் சரி போடவில்லை. அவர்கள் புள்ளடி போட்டிருந்தார்கள். இலங்கையில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் நாட்டில் ஓட்டு என்றால் பெயருக்கு நேரே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு, அதுதான் புள்ளடி, அதுதான் “இவருக்கு என் ஓட்டு”. தமிழ்நாட்டு ஆட்களுக்கு அதே குறி “தப்பு”. வேண்டாம் என்று அடித்த மாதிரி.

அந்தச் சீட்டுகள் என் கையில் வந்தன. எல்லாம் மலேசியா அக்காவின் பெயருக்கு நேரே. அத்தான் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“உது செல்லாது. சரி போடச் சொல்லித்தானே எழுதியிருக்கு? உவை அவ வேண்டாம் எண்டு வெட்டியிருக்கினம்.”

அத்தானும் யாழ்ப்பாணத்தார்தான். புள்ளடி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதா? முன்வரிசையில் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் பேசாமல் அந்தச் சீட்டுகளைச் செல்லாத கட்டில் வைத்தேன்.

அதற்குள் இன்னொரு சீட்டும் வந்தது. மலேசியா அக்காவின் பெயருக்கு நேரே சரியும் இல்லை, புள்ளடியும் இல்லை, ‘க’ என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூக்கிக் காட்டினேன்.

“ஆரோ தன்ரை பேரின்ரை முதலெழுத்தைப் போட்டிருக்கினம். கந்தசாமி அண்ணை, உங்கடையோ?”

மண்டபம் சிரித்தது. கந்தசாமி அண்ணையும் சிரித்து, தனதில்லை என்று தலையாட்டினார். அதையும் செல்லாத கட்டில் வைத்தேன். அப்போது மாஸ்டர் எனக்கு எதிரே நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கட்டுக்கு ரப்பர் வளையம் போடப் போனபோதுதான் கை மேலே போனது.

“ஆட்சேபணை! அந்த எக்ஸ் போட்ட ஓட்டெல்லாம் செல்லும். அது அவங்க ஊர் வழக்கம். யாருக்குப் போட்டாங்கன்னு தெளிவாத் தெரியுது. எண்ணுங்க.”

“நீங்கள் பெங்களூர், உங்களுக்கு என்ன தெரியும்?” என்றார் அத்தான். “சும்மா அலட்டாமல் இருங்கோ.”

“இந்தம்மாவைக் கேளுங்க, தெரியும். சொல்லுங்கம்மா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “சீட்டிலை எழுதியிருக்கிறதுதான் விதி” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மாஸ்டர் இறங்கவில்லை. கத்தினார், மேசையைத் தட்டினார். கடைசியில் இரண்டு பேர் அவரைத் தோளில் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அத்தான் மூன்று ஓட்டில் வென்றார். அடுத்த மாதம் சனிக்கிழமை வகுப்பு நின்றது. பிள்ளைகளின் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டுத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போன மலேசியா அக்கா, “பரவால்ல லா, நீங்க என்ன செய்வீங்க” என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். அது எனக்கு அறைந்த மாதிரி இருந்தது.

அந்தக் கோபத்தை நான் யார் மேல் போட்டேன்? அத்தான் மேலா? இல்லை. மாஸ்டர் மேல் போட்டேன். நாலு பேர் முன்னால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்ட விசர் மனுசன் என்று, கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

பிறகு, ஜூன் மாதம், மழை கொட்டிய ஒரு பிற்பகல். எனக்கு லீவு. சாமான் வாங்கச் சான்ட்ரிங்ஹாம் போனவள், மழைக்கு ஒதுங்கி ஒரு தோசைக்கடைக்குள் நுழைந்தேன். மூலை மேசையில் மாஸ்டர். தண்ணீர்ச் சாடியில் போனைச் சாய்த்து வைத்து ஏதோ கன்னடச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போயிருப்பேன், வெளியே போக முடியாத மழை.

“உக்காருங்கம்மா. இன்னைக்கு எங்க ஊர்ல எண்ணிக்கை.”

“என்ன எண்ணிக்கை?”

“மேலவைத் தேர்தல். ஆசிரியர் தொகுதி. வாத்தியாருங்க மட்டும் ஓட்டுப் போட்டு ஒருத்தரை அனுப்புறது. இங்க நியூசிலாந்துல மேலவையை எப்பவோ மூடிட்டாங்க, தமிழ்நாட்டுலயும் மூடிட்டாங்க. எங்க மாநிலத்துல இன்னும் இருக்கு.”

முன்னால் இருந்த தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது. “இப்ப செல்லாத ஓட்டைப் பிரிச்சிட்டிருப்பாங்க” என்றார். பிறகு நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி இதே தொகுதிம்மா. எங்க ஸ்கூல் கணக்கு டீச்சர் சுயேச்சையா நின்னாங்க, இப்பவும் நிக்கிறாங்க. கன்னடக்காரம்மா. எங்களை மாதிரி மானியம் இல்லாத ஸ்கூல் வாத்தியாருங்களுக்கு ஓய்வூதியம் வேணும்னு வருஷக்கணக்கா அலைஞ்சவங்க. எண்ணுற இடத்துல நான்தான் அவங்க ஏஜென்ட்.”

அந்தத் தேர்தலில் சின்னம் கிடையாதாம். பெயருக்கு நேரே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுத வேண்டுமாம், அதுவும் அங்கே கொடுக்கிற ஊதாப் பேனாவால்.

“டிக் போட்டா செல்லாது. கையெழுத்துப் போட்டா செல்லாது. வாழ்க்கை முழுக்கப் பேப்பர் திருத்தி டிக் போட்ட கைம்மா, அதனால வாத்தியாருங்கதான் நெறைய தப்பு பண்ணுவாங்க. நான் விதியைக் கரைச்சுக் குடிச்சிருந்தேன். எந்த இந்திய மொழி எண்ணுல வேணாலும் எழுதலாம்னு அதுல இருக்கு. எனக்குத் தலைகால் புரியல. தமிழ் வாத்தியாருங்க வீடு வீடாப் போனேன். நம்ம எண்ணுலயே போடுங்க, கம்பீரமாப் போடுங்கன்னு சொன்னேன்.”

சட்டைப் பையிலிருந்து அந்த ஊதாப் பேனாவை எடுத்தார். மேசையிலிருந்த டிஷ்யூவில் எழுதினார். மை பரவியது.

“உது ‘க’ தானே மாஸ்டர்” என்றேன்.

“எல்லாரும் அதான் சொல்றாங்க. இது ஒண்ணும்மா. தமிழ் எண்ணுல ஒண்ணு. பாக்க ‘க’ மாதிரியே இருக்கும்.”

நான் டிஷ்யூவை என் பக்கம் இழுத்தேன். அவர் கவனிக்கவில்லை.

“எண்ணும்போது இந்தச் சீட்டு வந்தது. அதிகாரி எடுத்துப் பாத்தார். யாரோ தன் பேரோட முதல் எழுத்தைப் போட்டிருக்காங்க, ஆளை அடையாளம் காட்டுற ஓட்டு, செல்லாதுன்னார். தப்பான மனுஷன் இல்லை. அவருக்குத் தெரியாது. கேட்டார். ‘ஆக்ஷேபணெ இதெயா?’ ஆட்சேபணை இருக்கான்னு. என் முகத்தைப் பாத்துத்தான் கேட்டார். அடுத்த சீட்டு. மறுபடி கேட்டார். மூணு தடவை கேட்டாரும்மா. அப்புறம் கேக்குறதை விட்டுட்டார். அதுக்கப்புறமும் அந்த ஒண்ணு வந்துகிட்டேதான் இருந்தது.”

“நீங்கள் சொல்லேல்லையோ?”

“ஊர்ல அப்பத் தமிழ்நாட்டோட தண்ணிப் பிரச்சினை கொதிச்சிட்டிருந்தது. அந்த ஹால்ல எழுந்து இது தமிழ்னு சொன்னா, அந்தம்மாவுக்குக் கெட்ட பேர் வரும்னு எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கிட்டேன். பொய். பயந்துட்டேன். அவ்ளோதான். நான் சொல்லித்தான் அத்தனை பேரும் எழுதினாங்க, நானே வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்தத் தமிழ் வாத்தியாருங்க மொத்தப் பேரையும் ஒரு வேன்ல ஏத்திடலாம். டீச்சர் தோத்தது அதுல பாதி ஓட்டு வித்தியாசத்துலம்மா. வெளியில வந்து, ‘ரொம்பக் கஷ்டப்பட்டீங்க சார்’னு என்னைக் கும்பிட்டாங்க.”

நான் டிஷ்யூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதா மை. அன்றைக்கு என் கையிலிருந்த சீட்டிலும் அதே ஊதாதான்.

“மாஸ்டர், அண்டைக்கு எங்கட தேர்தலிலை வந்த ‘க’...”

“ம்.”

“ஏன் சொல்லேல்லை? புள்ளடிக்கு அவ்வளவு கத்தினீங்களே!”

“தமிழ்ச் சங்கம்தானேம்மா. அங்க பயப்பட என்ன இருக்கு? ஒருத்தராவது இது ஒண்ணுன்னு சொல்வாங்கன்னு பாத்துட்டு நின்னேன். நீங்கதான் அதைக் கையில பிடிச்சிருந்தீங்க.”

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? “எங்களுக்குச் சோதினை வைக்க நீங்கள் ஆர்?” என்று கத்தினேன். தோசைக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “அங்கை ஒரு வகுப்பைப் பூட்டிப்போட்டினம், நீங்கள் அதுக்குள்ளை எங்களுக்குத் தமிழ் தெரியுமோ எண்டு மார்க்ஸ் போட்டுக்கொண்டு நிண்டிருக்கிறியள்! எனக்கு உது தெரியாது. சத்தியமாத் தெரியாது. தெரியாததுக்கு நான் என்ன செய்ய?”

அவர் குரலை உயர்த்தவில்லை.

“அது தெரியாது, சரி. புள்ளடியும் தெரியாமத்தான் இருந்தீங்களாம்மா?”

கைப்பையைத் தூக்கிக்கொண்டு அந்த மழைக்குள்ளேயே இறங்கி நடந்தேன். பஸ் வரும்வரை நனைந்துகொண்டே அவரைத் திட்டினேன். வாயில் வந்த கோதாரி எல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டத் திட்ட அது எனக்கே திரும்பி வந்தது.

மறுநாள் காலை நியூ லின் ஸ்டேஷனில் நான் ரயிலை விட்டு இறங்க, அவர் ஏறுவதற்கு நின்றார். கதைக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

“உங்கட டீச்சர் வெண்டிட்டாவோ?”

“இல்லைம்மா. இந்தத் தடவை செல்லாத ஓட்டெல்லாம் அவங்களுக்கே குடுத்தாலும் பத்தாது. அவ்ளோ பின்னால.” ரயில் கதவு மூடப் போவதாகச் சத்தம் போட்டது. “வாய்ப்புன்னு இருந்தது அந்த ஒரு நாள்தான். அன்னைக்கு ஒரு கையைத் தூக்கியிருந்தாப் போதும்” என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

அதன் பிறகு நான் அவரோடு கதைக்கவில்லை. மகனுக்குப் பெர்த்தில் வேலை கிடைத்து இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு போய்விட்டார்கள். வழியனுப்பச் சிலர் போனார்கள். நான் போகவில்லை. ஒரு போனாவது எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. அந்த மனிதர் ஆறு வருடமாக, கண்ட கண்ட கூட்டத்தில் எல்லாம் கையைத் தூக்கித் தூக்கி அந்த ஒரு நாளைத்தான் சரி செய்யப் பார்த்திருக்கிறார். அது சரியாகாது. அது தெரிந்தும் விடவில்லை. நான் ஒரு வருடமாக ஒன்றும் செய்யாமல், அதற்கும் அவரையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. என் மேல் அதைவிடக் கூட.

எண்ணிய சீட்டுகளைச் செயலாளர் அடுத்த பொதுக்கூட்டம் வரை வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் சங்க விதி. அவை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் என் கராஜில் இருந்தன. இந்த வருடப் பொதுக்கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். அதே மண்டபம். அத்தானை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. மலேசியா அக்கா கடைசி வரிசையில் இருந்தார். அக்கா வழக்கம்போல முன்வரிசையில்.

அத்தான் ஒலிவாங்கியைப் பிடித்தார். “அப்ப போன வருசம் மாதிரியே தொடருவம். ஆருக்கும் மறுப்பு இல்லைத்தானே?”

என் கை மேலே போனது. ஐந்து விரலையும் விரிக்கத்தான் நினைத்தேன், சுட்டுவிரல் மட்டும்தான் நின்றது.

“ஆட்சேபணை.”

சிரிப்பொலி எழுந்தது. “என்ன பிள்ளை, அந்த மனுசன் போகேக்கை தன்ரை பேயை உனக்குக் குடுத்திட்டுப் போட்டாரோ?” என்றார் அத்தான்.

மேசைக்கு நடந்து போய் டப்பாவைத் திறந்தேன். ரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தது, தொட்டதும் அறுந்தது. சீட்டுகளை ஒவ்வொன்றாக அவர் முன்னால் பரப்பினேன்.

“இது புள்ளடி, அத்தான். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் நான் பேசாமல் இருந்தனான். சனிக்கிழமை வகுப்பை நிப்பாட்டினது நீங்கள் இல்லை, நான்.”

அக்கா நிலத்தைப் பார்த்தாள். கட்டின் அடியில் இருந்த ஊதாச் சீட்டை எடுத்து எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தேன், போன வருடம் பிடித்த அதே இடத்தில் நின்று.

“உது அந்தக் ‘க’ எல்லே?” என்றார் அத்தான்.

“‘க’ இல்லை, அத்தான். ஒண்டு. எண்ணுங்கோ.”